டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அவருக்கு யார் போன் செய்வது?

‘போதை மாத்திரை விற்ற மூவர் கைது’. இந்தத் தலைப்பைப் பார்க்காமல் போனில் ஒரு வாரம் கழிவதில்லை. மேஜையில் அடுக்கிய மாத்திரை அட்டைகள், பின்னால் முகத்தை மறைத்தபடி சில இளைஞர்கள், இரண்டு பக்கமும் போலீஸார். விற்றவர் யார், எங்கிருந்து வரவழைத்தார், எத்தனை அட்டை என்று எல்லா விவரமும் அந்தச் செய்தியில் இருக்கும். வாங்கிப் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது மட்டும் இருக்காது. அவர்கள் வேறு ஒருவரிடம் வாங்கப் போயிருப்பார்கள். அல்லது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பு முறுக்க, மூக்கு ஒழுக, தூக்கம் இல்லாமல் கிடப்பார்கள். அங்கே யார் போகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில், இது என்ன மாத்திரை? பெரும்பாலும் கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரும் வலி நிவாரணிகள்தான். அபின், ஹெராயின், மார்ஃபின் ஆகியவை சேர்ந்த ‘ஓபியாய்டு’ குடும்பத்தைச் சேர்ந்தவை. டிராமடால் மாத்திரையை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. இப்போது செய்திகளில் அதிகம் அடிபடும் பெயர் டேபென்டடால். ஒரு கதவைச் சாத்தினால் அடுத்தது திறந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்த மருந்துகளே வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு மார்ஃபின் கிடைக்காமல் போவதைப் போன்ற கொடுமை வேறில்லை. சிக்கல், வலியே இல்லாதவர்கள் இதைப் பழகும்போது வருகிறது. அதிலும் சிலர் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. அதில் சேர்க்கும் மாவுப் பொருட்கள் ரத்தக் குழாயை அடைக்கும், கையில் சீழ் கட்டும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் வரலாம்.

எத்தனை பேர்? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஏதோ ஓர் ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர். ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்கள் சுமார் 8.5 லட்சம். சட்டவிரோத போதைப்பொருட்களுக்கு அடிமையானவர்களில் 20-ல் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது அதே ஆய்வு.

அந்த 20-ல் ஒருவராவது தப்பித்தாரா? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

வெளியே வரும் நாள்

ஒரு வீட்டில் பையனை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். 30 நாளோ 60 நாளோ கழித்து முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டு வீட்டுக்கு வருகிறான். “இனிமே தொடவே மாட்டேன்மா” என்கிறான். அம்மா கோயிலுக்கு வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்புகிறார். எல்லோரும் கதை முடிந்தது என்று நினைக்கும் அந்த நாள்தான் மருத்துவக் கணக்கில் மிகவும் ஆபத்தான நாள்.

காரணம் எளிது. ஓபியாய்டு தொடர்ந்து எடுக்கும்போது உடம்பு அதற்குப் பழகி, அதிக அளவைத் தாங்கும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் மூளையில் ஏக்கம் அப்படியே இருக்கும். பழைய நண்பன் கூப்பிடுகிறான், பழைய அளவையே போடுகிறார். மூச்சு விடுவதை நடத்தும் மூளைப் பகுதி மந்தமாகி, மூச்சு நின்றுவிடுகிறது.

லண்டன் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதை முகத்தில் அறைந்த மாதிரி சொன்னது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு நிறுத்தும் சிகிச்சைக்கு வந்த 137 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 37 பேர் சிகிச்சையை முடித்து, தாங்கும் சக்தியை இழந்தவர்கள். அடுத்த 4 மாதத்துக்குள் ஓவர்டோஸில் இறந்த 3 பேரும் அந்த 37 பேரில் இருந்தவர்கள்தான். பாதியில் ஓடிப்போனவர்களில் ஓவர்டோஸ் சாவு இல்லை. எண்ணிக்கை சிறியது, அதை மட்டும் வைத்துப் பெரிய முடிவு எடுக்க முடியாது. ஆனால் திசை தெளிவு: ‘வெற்றிகரமாக’ முடித்தவரைத் தனியாக விடுவதுதான் ஆபத்து.

சிறை வாசலிலும் இதே கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் 2 வாரத்தில் போதைப்பொருள் ஓவர்டோஸால் இறக்கும் அபாயம், அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட அவர்களுக்கு 129 மடங்கு. நம் ஊரில் மாத்திரை கேஸில் உள்ளே போய், ஜாமீனில் வெளியே வரும் 22 வயதுப் பையனுக்கும் உடம்பு ஒன்றுதான். அவனுக்காக ஜெயில் வாசலில் வக்கீல் காத்திருக்கலாம், நண்பர்கள் பைக்கோடு காத்திருக்கலாம். சுகாதாரத் துறையின் ஆள் யாராவது நிற்கிறாரா?

மருந்து இல்லாமல் இல்லை

ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது. புப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. புப்ரெனார்ஃபினை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். ஏக்கத்தையும் உடம்பு முறுக்குவதையும் அடக்கும். சரியான அளவில் எடுப்பவர் ‘ஜாலி’யாக மிதக்க மாட்டார். வேலைக்குப் போவார், குழந்தையை ஸ்கூலில் விடுவார்.

“ஒரு போதையை விட இன்னொரு போதையா?” என்று கேட்காத வீடே இல்லை. சுகருக்கு இன்சுலின் போடுபவரிடம் நாம் இப்படிக் கேட்பதில்லை. இது வருடக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சையாக இருக்கலாம் என்பதைக் குடும்பத்துக்குப் புரியவைப்பதே பெரிய வேலை. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் டாக்டரால் அதைச் செய்ய முடியாது.

இந்தியாவில் இந்த மருந்தைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களும் சில அரசு மருத்துவமனைகளும் தருகின்றன. ஆனால் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடிப்படை விதி, தினமும் மையத்துக்கு வந்து ஊழியர் கண் முன்னே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. மருந்து வெளியே விற்பனைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் காலை 9 மணிக்கு ஷிஃப்ட் இருக்கும் ஒருவர் தினமும் எப்படி வருவார்? எந்த மேனேஜரிடம் என்ன காரணம் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, காய்ச்சல் எல்லாம் வருமே?

பஞ்சாப் 2017-ல் வேறு வழியில் இறங்கியது. தங்கிச் சிகிச்சை பெற வேண்டாம், வந்து மருந்து வாங்கிப் போகலாம் என்று அரசு கிளினிக்குகளைத் திறந்தது. 2020 ஊரடங்கு வந்ததும், வீட்டுக்கு எடுத்துப் போகும் நாட்களைக் கூட்டினார்கள். மருந்து கள்ளச்சந்தைக்குப் போகிறது என்ற புகார்களும் வராமல் இல்லை. இருந்தாலும் சிகிச்சைக்கு வருபவர்களின் எண்ணிக்கை எகிறியது. கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்பது பஞ்சாப் சொல்லும் பாடம்.

நடுவில் நிற்கும் அந்த ஒருவர்

மருந்து ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம். நடுவில் இருப்பது பஸ், வேலை, வெட்கம், போலீஸ், ஆதார் கார்டு. இந்த இடைவெளியைக் கடக்க கூடவே வரும் ஆளைத்தான் உலகம் முழுக்க ‘கேஸ் மேனேஜர்’ என்கிறார்கள். நம்ம ஊரில் ‘கேஸ்’ என்றாலே போலீஸ் கேஸ்தான் ஞாபகம் வரும், அதனால் இந்தப் பெயரை வைத்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ‘துணையாளர்’ என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு உதாரணத்துக்கு, கேப் ஓட்டும் 24 வயது இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலிக்கு ஒருவர் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, இப்போது ஊசி வரை வந்துவிட்டார். கையில் ஆறாத புண். மாதத் தவணை கட்டாமல் காரை ஃபைனான்ஸ்காரர் எடுத்துப் போய்விட்டார். ஒரு அடிதடி கேஸில் வாய்தாவுக்குப் போகாததால் வாரண்ட் இருக்கிறது. மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவரிடம் “கவுன்சலிங் வாங்க தம்பி” என்று ஒரு நோட்டீஸைக் கொடுத்தால் என்ன ஆகும்?

துணையாளர் முதலில் அந்தப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்யக் கூட்டிப்போவார். போதையை விடுவது பற்றி அன்றைக்குப் பேச்சே இருக்காது. சர்ஜரி ஓ.பி.யில் நர்ஸ் முகம் சுளித்தால் பக்கத்தில் நின்று பேசுவார். இரண்டாவது சந்திப்பில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் டெஸ்ட். பிறகு மனநலப் பிரிவு, மாத்திரை ஆரம்பம். முதல் வாரம் தினமும் போன். மூன்றாம் நாள் வராவிட்டால் நேரில் போவார். இலவச சட்ட உதவி மையத்தில் பேசி வாரண்டுக்கு வழி பார்ப்பார். மனைவியிடம் தனியாகப் பேசுவார், “திரும்பிப் போங்க” என்று சொல்வதற்கு அல்ல, அவருக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்பதற்கு. மூன்றாம் மாதம் அவர் மறுபடியும் ஊசி போட்டுவிட்டார் என்றால், அன்றைக்கும் போன் வரும். அந்த போனில் திட்டு இருக்காது.

இது வெறும் நல்ல மனசு விஷயம் இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உக்ரைன், இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் ஊசி மூலம் போதை எடுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சேவை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு வழிகாட்டும் ஒரு துணையாளரும் கவுன்சலிங்கும். புது மருந்து எதுவும் கிடையாது. ஒரு வருட முடிவில், துணையாளர் இருந்தவர்களில் 72 சதவீதம் பேர் எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்களில் 43 சதவீதம். போதைக்கான மாற்று மருந்தில் இருந்தவர்கள் 41-க்கு 25. இறந்தவர்கள் 15 சதவீதத்துக்குப் பதிலாக 7 சதவீதம். சாவு பாதியாகக் குறைய, கூட வர ஒரு ஆள் போதுமாக இருந்தது.

சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது

“இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், நம்ம ஊரில் யார் வீடு வீடாகப் போவார்கள்?” என்று கேட்கலாம். இந்தியாவில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாத மாநிலம் எதுவென்றால் அது தமிழ்நாடுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்களே பி.பி. பார்க்கிறார்கள், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். நாள்பட்ட நோய் என்றால் நோயாளி வருவார் என்று காத்திருக்கக் கூடாது, நாம்தான் போக வேண்டும் என்ற புரிதல் இந்த அரசு இயந்திரத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. சுகர் ஏறிப்போன அப்பாவை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. “இனிப்பு சாப்பிட்டீங்களா?” என்று கேட்டு மாத்திரையை மாற்றுகிறோம். மாத்திரைக்கு அடிமையான மகனை மட்டும் தினமும் கியூவில் வந்து நில் என்கிறோம், ஒரு முறை தவறினால் பெயரை அடிக்கிறோம்.

களத்துக்குப் போய்ப் பழகுவதும் சென்னைக்குப் புதிதல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் கண்டறியப்பட்டது இங்கேதான். அதன்பின் வந்த எய்ட்ஸ் திட்டங்கள் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தன: ஊசி போடுபவரிடம் வெள்ளைச் சட்டை அதிகாரி பேசினால் வேலைக்கு ஆகாது. முன்பு அதே பழக்கத்தில் இருந்து மீண்டவர் பேசினால் கேட்பார். புது ஊசியைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரும் களப்பணியாளர்கள் அப்படி உருவானவர்கள்தான். “ஊசி கொடுத்தால் போதையை வளர்ப்பதாகாதா?” என்ற எதிர்ப்பு அன்றைக்கும் இருந்தது. ஊசி கொடுக்காவிட்டால் போதை நிற்பதில்லை, எச்.ஐ.வி. பரவுவதுதான் நடக்கும் என்பதால் தேசியத் திட்டமே அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்தப் பணியாளர்களின் பட்டியல் ஒரு தலைமுறைக்கு முன்பு வரைந்த வரைபடம். பாலத்துக்கு அடியிலும் ரயில் பாதை ஓரத்திலும் ஹெராயின் எடுத்தவர்களைத் தேடிப் போனது அது. இன்றைய மாத்திரைப் பழக்கத்துக்கு அந்த மாதிரி ஓர் இடம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஆர்டர், கூரியரில் பார்சல், நண்பனின் மொட்டை மாடி. ஹாஸ்டலில் இருப்பவரையும் ஒர்க் ஃப்ரம் ஹோம் செய்பவரையும் களப்பணியாளர் எங்கே போய்த் தேடுவார்? பெண்கள் என்றால் இன்னும் சிக்கல். மையங்கள் பெரும்பாலும் ஆண்களுக்காகவே இருக்கின்றன, தான் எடுப்பதை ஒரு பெண் வெளியே சொன்னால் குழந்தையே கையைவிட்டுப் போகும் என்ற பயம் வேறு.

போலீஸ் தெரிந்தால்?

துணையாளரிடம் ஒருவர் தன் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு உத்தரவாதம் தேவை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளை உட்கொண்டது, அல்லது சிறிய அளவு வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டில் இருப்பவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. நல்ல பிரிவு. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. மீண்டும் மீண்டும் சறுக்குவதே இயல்பாக உள்ள ஒரு நோய்க்கு ‘முழுதாக முடித்தல்’ என்றால் என்ன? மாற்று மருந்தில் தொடர்ந்து இருப்பதே சிகிச்சையில் இருப்பதுதான் என்று அரசு தெளிவாக ஓர் உத்தரவு போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அதேபோல், துணையாளரின் நோட்டில் இருக்கும் பெயர்கள் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. ஒரே ஒரு முறை ஒரு பட்டியல் கைமாறினால் போதும், அந்தப் பகுதியில் அடுத்த பல வருடத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு மாவட்டத்தின் ‘கைது எண்ணிக்கை’யும் ‘சிகிச்சை எண்ணிக்கை’யும் ஒரே கூட்டத்தில், ஒரே அதிகாரி முன்னால் படிக்கப்படும்போது இந்த ஆபத்து எப்போதும் இருக்கும்.

வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரை நான்கு பேர் வந்து வேனில் தூக்கிப்போகும் தனியார் மையங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்றோரின் கையறு நிலை புரிகிறது. ஆனால் அதே 2017 சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது, மையங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. அடி வாங்கி வெளியே வந்த ஒருவர் அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டார். அவரை மறுபடி நம்ப வைக்கத் துணையாளருக்கு மாதங்கள் ஆகும்.

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாடு அரசு 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது. பெயர் அழகு, தேவையும் கூட. ஆனால் கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் நிற்கும். இந்த மையங்கள் ஒவ்வொன்றோடும் வெளியே போய் வேலை பார்க்கும் துணையாளர்களை இணைக்க வேண்டும், அவர்களில் மீண்டு வந்தவர்களும் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில், பெட்ரோல் காசுக்கு அல்லாடும் சம்பளத்தில் அவர்களை வைத்தால் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த வேலையின் மொத்த முதலீடே ஒரு நோயாளிக்கும் ஒரு ஆளுக்கும் இடையில் உருவாகும் பழக்கம்தான், ஆள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம்.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்பது. எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள், எத்தனை பள்ளிகளில் பேரணி, எத்தனை பேர் அட்மிட் ஆனார்கள் என்பதெல்லாம் அறிக்கைக்கு நன்றாக இருக்கும். டிஸ்சார்ஜ் ஆனவர்களில் 7-ம் நாள் எத்தனை பேரிடம் பேசினோம், 6 மாதம் கழித்து எத்தனை பேர் மருந்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களை ஒவ்வொரு மையமும் வெளியிடட்டும். புழல் உள்ளிட்ட சிறைகளில் இருந்து வெளியே வருபவருக்கும் அதே கணக்கு வேண்டும்.

நலோக்சோன் என்ற மருந்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். ஓபியாய்டு ஓவர்டோஸில் நின்றுபோகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவருவது அது. அருகில் இருக்கக்கூடியவர்கள் கையிலேயே அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்துவிட்டது. அருகில் இருப்பது பெரும்பாலும் அம்மாவோ ரூம்மேட்டோதான்.

உங்கள் நண்பருக்கு என்றால்

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் 14416. தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். ஒருவர் எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, மூச்சு குறட்டை மாதிரி இழுத்தால் உடனே 108. தூங்கித் தெளியட்டும் என்று விடாதீர்கள். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். மூச்சே இல்லையென்றால் 108-ல் பேசுபவர் சொல்லும் முதலுதவியைச் செய்யுங்கள்.

நண்பரை ஒரு மையத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ரூம் ஏ.சி.யா, யோகா உண்டா என்பதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். மனநலச் சட்டத்தில் பதிவு இருக்கிறதா, புப்ரெனார்ஃபின் தருகிறார்களா, வெளியே வந்த மறுநாள் அவருக்கு போன் செய்யப்போகும் நபரின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயரைச் சொல்ல முடியாமல் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.